பல் பதிந்த புத்தகம்

இரணைமடு வாய்க்காலோரத்து முன்பள்ளியில் கௌசலா ரீச்சர் பதினொரு வருடமாகப் பிறர் பெற்ற பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து வருகிறாள். அந்தத் தியாகத்துக்கு இன்றுவரை யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. முன்பள்ளிக்கு மட்டும் இருபது படப்புத்தகங்கள் கிடைத்தன. சின்னஞ்சிறுசுகளின் கோபத்தையும் பயத்தையும் படம் காட்டி ஆற்றுவதற்கென்று ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தவை.

பெற்றோர் சங்கத் தலைவர் சிற்றம்பலம் அவற்றுக்குப் பொலித்தீன் உறை போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை மடியில் முடிந்துகொண்டார். அதிகாரிகள் வரும் நாளில் புத்தகங்கள் மேசைக்கு வரும். படம் பிடித்து முடிந்ததும் சிறைக்குத் திரும்பும். மூன்று வருடமாக ஒரு குழந்தையின் விரலும் அவற்றில் பட்டதில்லை.

இந்த நிலையில்தான் யதுசன் வந்து சேர்ந்தான். இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை. தாய் றஞ்சனி ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியதும் அவனுக்குள் ஒரு புயல் கிளம்பும். பக்கத்தில் இருப்பவர் கையைக் கடித்தால்தான் அது ஓயும். மூன்றாவதாகக் கடிபட்டவன் சிற்றம்பலத்தின் பேரன் அனோஜன். சும்மா விடுவாரா?

"இன்னொருக்காக் கடிச்சா அவனை நிப்பாட்டிப்போடுங்கோ, ரீச்சர்."

றஞ்சனியின் கண் கலங்கியது. "இவனை நிப்பாட்டினா நானும் வேலையால நிக்கவேணும் ரீச்சர். பாக்க வேற ஆர் இருக்கினம்?"

கௌசலாவின் நெஞ்சு வெடிக்கவில்லை. அதற்கு நேரமும் இல்லை. சிற்றம்பலத்திடம் போனாள்.

"திறப்பைத் தாங்கோ ஐயா. ஒரு புத்தகம் எடுப்பம்."

"பிள்ளையள் தொட்டா ஊத்தையாப் போகும்."

"பிள்ளையளுக்கெண்டுதானே தந்தவை?"

"பிள்ளையளுக்குத்தான். அதுக்காகப் பிள்ளையளின்ர கையில குடுக்கிறதோ?"

கடைசியில் ஒரு புத்தகம், ஒரு நாளைக்கு மட்டும் விடுதலையானது. காவலுக்குச் சிற்றம்பலமே கதிரை போட்டு உட்கார்ந்தார்.

கதையில் அம்மா யானை தண்ணீருக்குப் போக, குட்டி யானை கோபத்தில் நிலத்தை உதைத்தது. யதுசன் மூச்சுவிடாமல் பார்த்தான். பிறகு குனிந்து, புத்தகத்தின் மூலையைக் கடித்தான். சிற்றம்பலம் தன் காதையே கடித்துவிட்டதுபோலத் துள்ளி எழுந்தார்.

கௌசலா பறிக்கவில்லை. "ஓம் ராசா, குட்டிக்கும் இப்பிடித்தான் கோவம் வந்தது. அம்மா வாறாவோ எண்டு பாப்பமே?"

அவன் வாயை எடுத்தான். பக்கம் புரண்டது. அம்மா யானை வந்துவிட்டது.

அன்று அவன் வேறு யாரையும் கடிக்கவில்லை. சிற்றம்பலம் பல் தடத்தைத் தடவிப் பெருமூச்சு விட்டார். "இது பழுதாப்போச்சு. இனி வாற அதிகாரியளுக்குக் காட்டேலாது. வெளியிலயே கிடக்கட்டும்."

அன்றிலிருந்து பஸ் போனதும் யதுசன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கௌசலாவின் மடிக்கு வருவான். இரண்டு வாரமாக எந்தக் கையிலும் காயமில்லை. நிப்பாட்டும் பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. ஆனால் ஒரு புத்தகத்துக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள்.

கௌசலா இன்னொன்றை ஒரு நாள் இரவலாக வாங்கினாள். மூலையை யதுசனின் வாயருகே நீட்டினாள். "கடி, ராசா."

அவன் தலையாட்டி மறுத்தான். எவ்வளவு திருந்திய பிள்ளை!

கௌசலா வாசலைப் பார்த்தாள். சிற்றம்பலம் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் உள்ளே வருவதற்குள், பதினொரு வருடக் கண்ணியத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அவளே கடித்தாள்.