முதல் பாட்டு தாஸுக்கு

செய்தி ஒரு கேள்வியாகத்தான் வந்து சேர்ந்தது. கேகாலை பஸ் நிலையத்தில் தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றபோது போன் அடித்தது. யட்டியாந்தோட்டையில் தேன்துளி இசைக்குழுவை நடத்தும் ரவி பேசினார்.

“அண்ணே, தாஸ் அண்ணனோட மூஞ்சி ஒங்ககிட்ட இருக்குங்களா?”

“எந்த தாஸ்?”

“நம்ம ஸ்டூடியோ தாஸ் அண்ணன். காலையில தவறிட்டாருங்க. தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே அப்படியே சாஞ்சிட்டாரு. நாளைக்கு அடக்கம். பேனர் அடிக்கணும், போட படம் ஒண்ணு இல்ல.”

மரியதாஸை நெருங்கி அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எனக்கு இருந்தது. எங்கள் பக்கத்துத் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் மேடை ஏறிய யாரும் அவருடைய கமராவுக்குத் தப்பியதில்லை. திருவிழா இசைக்குழு, காமன் கூத்து, கோயில் நாதஸ்வரம், நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் நாடகம், சிங்கள பைலாப் பாட்டுக் கோஷ்டி எல்லாவற்றையும் எடுத்தார். என் செய்திகளோடு பத்திரிகையில் வந்த கலைஞர் படங்களில் பெரும்பாலானவை அவருடையவை. அப்படிப்பட்டவருக்கு ஒரு முகப்படம் இல்லாமல் போகுமா? நான் யட்டியாந்தோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டில் அவர் மனைவி பிலோமினா அக்கா கட்டிலில் படங்களைப் பரப்பி வைத்திருந்தார். முதலில் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அதில் இருந்தவர் நிறையத் தலைமுடியும் பெரும் பயமும் கொண்ட ஓர் இளைஞர்.

“இது யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் கட்டுனது இந்த ஆள இல்ல” என்றார் அக்கா.

கல்யாணப் படம் இன்னும் மோசம். தன் கல்யாணத்துக்கு வந்த படப்பிடிப்பாளரின் வேலை பிடிக்காமல், மாப்பிள்ளையே கமராவை முக்காலித் தாங்கியில் நிறுத்தி, தானாகப் படம் எடுக்கும்படி முடுக்கிவிட்டு ஓடி வந்திருக்கிறார். படத்தில் அக்கா தெளிவாக இருக்கிறார். பக்கத்தில் ஒரு கோட்டு மட்டும் பறந்துகொண்டிருக்கிறது. போனில் எடுத்த படங்கள் இருக்குமே என்று கேட்டேன். யாராவது போனைத் தூக்கினால் “வெளிச்சத்துக்கு எதிர்ல நிக்கிறியே, குடு இங்க” என்று பிடுங்கி அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார் என்றார்கள். எல்லோருடைய போனிலும் எல்லோரும் இருந்தார்கள்.

“ஊருல எல்லாத்துக்கும் மூஞ்சி குடுத்த மனுசன்” என்றார் அக்கா. “மூஞ்சி இல்லாம போகக் கூடாதுங்க. நீங்க பேப்பர்க்காரரு, எப்படியாவது தேடிக் குடுங்க.”

அன்று பிற்பகல் முழுவதும் நானும் ரவியும் அவருடைய ஸ்டூடியோவில் அமர்ந்து தேடினோம். சுவரில் தேன்துளி குழுவின் முதல் போஸ்டர் தொங்கியது. அதைப் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. துக்கவீட்டு வேளையில் அது சரியா என்று யோசித்துவிட்டு மறுபடியும் சிரித்தோம்.

அந்தப் போஸ்டருக்குப் படம் எடுக்க ரவியின் குழு வந்தபோது, வாத்தியங்களைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்க தாஸ் விடவில்லை. “கையில சத்தம் இல்லாட்டி மூஞ்சில பாட்டு வராது. வாசிங்க” என்றார். அந்தச் சின்ன அறையில் டிரம்ஸ் முழங்கியதும், அடுத்த கடை பேக்கரி முதலாளி சண்டைக்கு வந்தார். சிங்களவர், பெரிய மனிதர். வாசலில் நின்று திட்ட வாயைத் திறந்தவர், பாட்டைக் கேட்டுவிட்டுத் திட்டாமல் நின்றார். பிறகு கதவில் தாளம் போட ஆரம்பித்தார். போஸ்டர் அச்சாகி வந்தபோது குழுவின் ஓரத்தில், மாவு படிந்த பெனியனோடு முதலாளியும் இருந்தார்.

“எங்க போஸ்டர்ல பேக்கரி முதலாளி எப்படிங்க வந்தாரு?” என்று ரவி கேட்டிருக்கிறார்.

“நீங்க எல்லாம் கமராவ பாத்தீங்க. அவரு ஒருத்தருதான் பாட்ட கேட்டாரு. அந்தப் படத்துல அவரு மூஞ்சிதான் நல்லா இருந்திச்சு.”

அதன்பின் அவர்கள் போகும் தோட்டங்களில் எல்லாம், அந்தப் பெரியவர் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். இரண்டு திருவிழாக்களுக்கு முதலாளியை வேனில் ஏற்றிக்கொண்டு போய், கையில் ஒரு கஞ்சிராவைக் கொடுத்து மேடையில் உட்கார வைத்தார்கள். அவர் அதைத் தட்டவே இல்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அலுமாரியில் காமன் கூத்துப் படங்கள் தனிக்கட்டாக இருந்தன. அந்தக் கூத்து ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். விடியும் நேரத்தில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிக்க, தாஸின் கமராவில் ஒளி மின்னவில்லை. அவர் கூட்டத்தின் நடுவே போய் நின்று, மிகுந்த மரியாதையோடு, “தலைவரே, இன்னொரு தடவ எரிப்பீங்களா?” என்று கேட்டார்.

தோட்டத் தலைவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கொதித்துவிட்டார். “என்னங்க பேசுறீங்க? எரிஞ்ச சாமிய திருப்பி எரிக்கிறதா?”

ரதி வேடம் கட்டிய முருகேசு ரப்பர் பால் வெட்டுகிற தொழிலாளி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரும் எழுந்து வந்தார். “எனக்குத் தாலி அறுந்தாச்சுங்க. திருப்பிக் கட்டிக்கிட்டு வந்து நிக்க ஏலாது.”

ஒரு பெரியவர் சமாதானத்துக்கு வந்தார். “மூணாம் நாள் காமன எழுப்புவோம். அப்ப வந்து எடுத்துக்கங்க தாஸ்.”

“அது சரிங்க” என்றார் தாஸ். “எங்க ஆளும் மூணாம் நாள்தான் எழும்புனாரு. வாரேன்.”

தலைவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாம் நாள் தாஸ் எடுத்த படம் பத்திரிகையில் வந்தது. புருஷன் திரும்பி வந்த மகிழ்ச்சியில், மழிக்க மறந்த இரண்டு நாள் தாடியோடு ரதி சிரிக்கிறார். கட்டு முழுவதையும் பார்த்தோம். எங்கும் தாஸ் இல்லை.

மாலையில் ரவி தன் மடிக்கணினியில் பழைய நிகழ்ச்சிகளின் வீடியோக்களை ஓடவிட்டார். அவை எல்லாவற்றிலும் தாஸ் இருந்தார். முதுகு மட்டும்.

நீங்களும் அந்த முதுகைத் திட்டியிருப்பீர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முதல் பாட்டுக்கு அவர் மேடைக்கு நேர் முன்னால், சரியாக நடுவில் வந்து நிற்பார். பல பைகள் வைத்த அந்தச் சாம்பல் நிறச் சட்டை, விளக்கில் மின்னும் வழுக்கை, தூக்கிய வலது முழங்கை. படம் எடுக்கும் கணத்தில் இடது குதிகால் தரையை விட்டு எழும். பின்னாலிருந்து “தாஸ் அண்ணே, மறைக்குது” என்று கழுத்தைச் சாய்த்தபடி கத்துவார்கள். அவர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: “பாட்ட காதால கேளுங்க. மூஞ்சிய நாளைக்கு நான் காட்டுறேன்.” இரண்டாம் பாட்டில் வியர்த்துவிடும், மூன்றாம் பாட்டில் களைத்துவிடும், முதல் பாட்டில்தான் முகம் புதிதாக இருக்கும் என்பது அவர் கணக்கு. ரவி கடைசியில் தோற்றுப்போய், முதல் பாட்டாக எப்போதும் பக்திப் பாட்டையே வைத்தார். சாமிக்கு மறைத்தால் பரவாயில்லையாம்.

வீடியோவிலிருந்து ஒரு முதுகை எடுத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி அக்காவிடம் போனோம். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“எனக்கும் இந்தப் பக்கம்தான் பழக்கம்” என்றார். “எப்ப சோத்துக்குக் கூப்பிட்டாலும் ‘பொறு, வாரேன்’னு இந்த முதுகுதான் பேசும். இதையே போடுங்க.”

“சனம் யாருன்னு கேட்டாங்கன்னா, அக்கா?” என்றார் ரவி.

“ஒருத்தர் கேட்டாலும் கழட்டிருங்க.”

மறுநாள் காலை கடைவீதிச் சந்தியில் பேனரைக் கட்டினார்கள். சிலுவைக்குக் கீழே ஒரு முதுகு. பாதர் வந்து பார்த்துவிட்டு, “திருப்பி அச்சடிச்சிட்டாங்களா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவர் ஊருக்குப் புதியவர், அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். ரவி கத்தரிக்கோலோடு தூணருகில் நின்றார். கணக்கில் முதலில் வந்தவர் பேக்கரி முதலாளி. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அண்ணாந்து பார்த்தார். மாவுக் கையால் தொப்பியைக் கழற்றினார்.

“அப்பே தாஸ்” என்றார். நம்ம தாஸ்.

ரவி கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடக்கம் முடியும் வரை வேறு யாரும் கேட்கவில்லை.

தாஸ் எடுத்த படங்கள் என்னிடம் நிறைய உண்டு. ஆனால் அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது வேறொன்று என்பது சென்ற வாரம்தான் தெரிந்தது. ரம்புக்கனையில் ஓர் இசை நிகழ்ச்சி. முன் வரிசையில் இடம் கிடைத்தது. எனக்கும் மேடைக்கும் நடுவே யாரும் இல்லை. முதல் பாட்டு முடிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் என் தோளைத் தொட்டார்.

“என்னங்க, பாட்டு முழுக்க ஒரு பக்கமாவே சாஞ்சி பாக்குறீங்க. கழுத்து சுளுக்கிக்கிச்சா?”

“ஆமாங்க” என்றேன். “ரொம்ப வருசமா.”