கன்னையாவின் கனத்த கையும் சுவீடன் மசாஜும்

பண்டமாரான் கன்னையாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் கையிலிருந்துதான் ஆரம்பிக்கணும். இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டி, சங்கிலி இறுக்கிய கை. அந்தக் கையில் பிள்ளையைக் கொடுத்தால் பிள்ளைக்கு முன்னாடி அதன் அம்மா அழுவாள்.

கூடவே, ஒரு நாளைக்கு எட்டு கிளாஸ் தே தாரிக், கெட்டிப் பாலில் இழுத்து ஆற்றிய டீ. டாக்டர் இனிப்பு வேண்டாம் என்றார். கன்னையா டாக்டரே வேண்டாம் என்றார். கடைசியில் சர்க்கரை கண்ணைத் தின்றது. வலது கண் முழுசாகப் போச்சு. இடது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் நிழல். "வைப்பர் இல்லாம மழையில ஓட்டுற மாதிரி இருக்குலா" என்று சொல்லி அவரே சிரிப்பார். லைசென்ஸ் போன அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

அப்புறம் பிரிக்பீல்ட்ஸ். பார்வை இல்லாதவர்கள் நடத்தும் மசாஜ் நிலையத்தில் சுவீடன் மசாஜ் பயிற்சி. ஜொகூர் தெரியும், பினாங்கு தெரியும். சுவீடனுக்கு லோரி ரோடு இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. பண்டமாரானுக்குப் பக்கத்துக் கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயில் ஏறி வந்தார்.

பயிற்சி கொடுத்தவர் மாதவி, அவரும் பார்வை இல்லாதவர். "நீளமா தடவணும், பிசையணும், விரலால வட்டமா தேய்க்கணும், மெதுவா தட்டணும், லேசா அதிர வைக்கணும். தடவுறது எப்பவும் நெஞ்சைப் பார்த்து. முதுகெலும்பு மேல அழுத்தவே கூடாது. ஒரு கை எப்பவும் உடம்பு மேலயே இருக்கணும், இல்லன்னா ஆள் திடுக்கிடுவாரு."

"வலிக்காம எப்படி மேடம்? நம்ம ஆளுங்களுக்கு அடோய்னு கத்தினாத்தானே மசாஜ்?"

"கத்தணும்னா பல் டாக்டர்கிட்ட போகட்டும்."

பரீட்சையில் வாடிக்கையாளராகப் படுத்து மார்க் போடுகிறவர், அங்கே பதினைந்து வருஷமாக வேலை செய்யும் ஜீவன். அவருக்கும் பார்வை இல்லை. முதுகுதான் பேப்பர் திருத்தும்.

முதல் பரீட்சையில் கன்னையா பிசையவில்லை, கட்டினார். "நான் என்ன சரக்காடா?" என்று ஜீவன் பாதியிலேயே எழுந்துவிட்டார். இரண்டாவதில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முடிந்ததும் பழக்க தோஷம், சங்கிலி இறுக்கியதும் கண்டெய்னரை அறைகிற மாதிரி முதுகில் ரெண்டு அறை விட்டு, "சியாப்! ரெடி, போலாம் பாஸ்!" என்றார். ஜீவன் போகவில்லை. மார்க்தான் போனது.

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தேறினால் நிலையத்தில் அவருக்கென்று ஒரு மசாஜ் கட்டில், ஒரு வேலை. தேறாவிட்டால் பண்டமாரான் வீட்டு நாற்காலி. மனைவி புஷ்பவல்லி பேக்டரி விட்டு வந்து சோற்றைக் கையில் கொடுக்க, இவர் 'இன்னைக்கு டிராபிக் எப்படி' என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கணும்.

அன்றைக்குக் கன்னையா எண்ணெயை முதலில் தன் உள்ளங்கையில் சூடாக்கினார். முட்டை ஏற்றிய லோரி என்று நினைத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து தோள்வரை நீளமாக ஒரு தடவல், திரும்ப ஒன்று. தோளில் முடிச்சு முடிச்சாக இருந்தது. இறுக்குவதற்குப் பதிலாக முதன்முறையாக அவிழ்த்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக இளகியது.

"அழுத்தம் போதுமா பாஸ்?"

பதிலுக்கு ஒரு சத்தம் வந்தது. பழைய டீசல் இன்ஜின் மாதிரி.

ஜீவன் குறட்டை விட்டார்.

இரத்த ஓட்டம் சீராகும், தசை தளரும், மனசு அடங்கும், தூக்கம் வரும் என்று பலன்களை மனப்பாடம் செய்திருந்தார் கன்னையா. கடைசியை மட்டும் அவர் நம்பியதே இல்லை. இப்போது அதுவே வில்லங்கமாக வந்து நின்றது. ஆளைத் திருப்பிப் போட்டு முன்பக்கமும் செய்தால்தான் மார்க். எழுப்பினால் தேறலாம். ஆனால் கண் மங்கியதிலிருந்து ஒழுங்காகத் தூங்காத மனுஷன் அவர். அடுத்தவன் தூக்கம் என்ன விலை என்று தெரியும்.

'போடா மடையா, எழுப்பு' என்று தன்னையே திட்டிக்கொண்டார். கை கேட்கவில்லை. அது பாட்டுக்கு முதுகை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தது.

பரீட்சை நேரம் முடிந்த மணி அடித்தது. மாதவி கதவைத் திறந்தார்.

"முன்பக்கம் ஆச்சா?"

"இல்ல மேடம். தூங்கிட்டாரு. எழுப்ப மனசு வரல."

"யாரு தூங்கினது?" என்று ஜீவன் வாயோரத்தைத் துடைத்தபடி எழுந்தார். "காலையிலேர்ந்து நாலு பேருக்குப் பிடிச்சு விட்டேன். என் முதுகை எவன் கேட்டான்?" பிறகு மல்லாந்து படுத்தார். "பாதி வேலைக்கு மார்க் கிடையாது. மாதவி, இன்னும் இருபது நிமிஷம் போடு. தூக்கம் என் தப்பு, அவன் தப்பில்ல. டேய் கன்னையா, ஆரம்பிடா."

இருபது நிமிஷமும் கன்னையாவின் கை அதே முட்டை லோரியைத்தான் ஓட்டியது. முடிந்ததும் ஜீவன் கால் விரல்களை அசைத்துப் பார்த்தார்.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துடு. நாலாவது கட்டில் உன்னுது."

கன்னையா ஒரு ஜோக்கைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. துண்டை மடிக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அறையில் இருந்த மற்ற ரெண்டு பேருக்கும் கண் தெரியாது. யாருக்கு மறைத்தார் என்று அவருக்கே விளங்கவில்லை.