பூச்செண்டைக் கீழே போட்டவள்

ஜனாதிபதியின் மனைவி லவீனியா முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறாள். வெள்ளை மாளிகைக்குள் தூதர் வந்தாலும் சரி, பால்காரர் வந்தாலும் சரி, வலது கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் வாயிலிருந்து "வாங்க" வருகிறது. எவனாவது பைக்குள் கையை விட்டால் போச்சு, அது வெளியே வரும்வரை கண்ணை எடுக்க மாட்டாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? முன்பிருந்த ஜனாதிபதியைச் சுட்டவன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கைகுலுக்கும் வரிசையில்தானே வந்தான்! கீழ்த்தளத்து நடையில் ஜனாதிபதி மனைவியரின் படங்கள் தொங்குகின்றன. விருந்து வைத்தே பேர் வாங்கியவள் இருக்கிறாள், நோய்வாய்ப்பட்டு மாடியை விட்டு இறங்காதவளும் இருக்கிறாள். லவீனியாவின் கால் நிற்பதெல்லாம், கணவனைப் பறிகொடுத்து, கறுப்பு உடுத்தி இந்த வீட்டை விட்டுப் போனவர்களின் படத்துக்கு முன்னால்தான்.

அயோவாவில் ஆணிக்கடைக்காரர் மகள் அவள். பேச்சு இன்னும் கடைவாசல் பேச்சு. "பொம்பளைன்னு ஓட்டுப் போடவும் எனக்கு உரிமை இல்ல, சம்பளமும் இல்ல. நின்னு நின்னு கால் வீங்குறது மட்டும் என் பங்கு" என்பாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

புத்தாண்டு நாள் வந்தால் அந்தக் கேலிப் பேச்சும் நின்றுவிடும். அன்று யார் வேண்டுமானாலும் வரிசையில் வந்து ஜனாதிபதியின் கையைக் குலுக்கலாம், காலங்காலமான வழக்கம். முதலில் அவர், அடுத்து அவள். அவள் இரு கையாலும் பூச்செண்டைப் பிடித்திருக்க வேண்டும். பூச்செண்டு இருந்தால் யாரும் கை நீட்ட மாட்டார்கள், விரலும் வீங்காது.

"என்ன ஆனாலும் பூவைக் கீழ வச்சிடாதீங்கம்மா" என்று காரியதரிசி மிஸ் வின்ஸ்லோ இந்த வருஷமும் சொல்லிவிட்டுப் போனாள். "இங்க இருந்த எந்த அம்மாவும் வச்சதில்ல."

கணவர் ஆம்புரோஸ் அவள் முழங்கையைத் தொட்டார். "ஏன்டி பயப்படுற? நம்ம சனங்கதானே? வாழ்த்துச் சொல்ல வந்திருக்காங்க."

"அன்னிக்குச் சுட்டவனும் வாழ்த்துச் சொல்ற மாதிரிதாங்க வந்தான்."

வரிசை நகர்ந்தது. வாசலில் காவலர்கள் "கையை வெளிய எடுங்க" என்று கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். குளிரில் வந்த கூட்டத்தில் யார் காதில் விழுகிறது? நாலு பேருக்கு அப்பால் ஒருவன். கசங்கிய கோட்டு, தாடி. வலது கை கோட்டுக்குள் இருந்தது. லவீனியா பக்கத்தில் நின்ற காவலரைத் திரும்பிப் பார்த்தாள். காவலர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கத்தினால் உடனே சுட்டுவிட்டால்? மூன்று பேர். இரண்டு. ஆம்புரோஸ் அந்த மனிதனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

பூச்செண்டு தரையில் விழுந்தது. கணவருக்குக் குறுக்கே பாய்ந்து, கோட்டோடு சேர்த்து அந்தக் கையை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"தாயே, விட்ருங்க!" அவன் கெஞ்சினான். "ரயில்ல வேலைங்க, பெட்டி கோக்குறப்போ கை நசுங்கிருச்சு. நாலு விரலும் போச்சு. அய்யா பாத்தா முகஞ்சுளிப்பாருன்னு ஒளிச்சு வச்சேன்."

துப்பாக்கி இல்லை. கட்டைவிரல் மட்டும் மிஞ்சிய ஒரு கை வெளியே வந்தது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மன்னிச்சிருங்கண்ணே" என்று முணுமுணுத்து, அந்தக் கையைக் கொண்டுபோய்க் கணவர் கையில் தானே வைத்தாள். ஆம்புரோஸ் அதை இரு கையாலும் குலுக்கினார்.

மிஸ் வின்ஸ்லோ பூச்செண்டைப் பொறுக்கி எடுத்து நீட்டினாள். "அம்மா, உங்க இடத்துக்கு வாங்க. எல்லாரும் பாக்குறாங்க."

லவீனியா பூவை வாங்கவில்லை. கணவருக்கு முன்னாலேயே நின்றாள். அடுத்து வந்த கிழவர் நீட்டிய கையைப் பற்றி, "புத்தாண்டு வாழ்த்துகள்" என்று சிரித்தபடி, உள்ளங்கையை மெல்லத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவரைக் கணவர் பக்கம் அனுப்பினாள்.