செவ்வாய்க்கு ஒரு கட்சி, வியாழனுக்கு ஒரு கட்சி

தொண்ணூற்றைந்தாம் வருடம் பார்ன்ஸ்லி என்ற சுரங்க ஊரில் கிட்டார் இல்லாத பையனைக் கண்டுபிடித்தால் மியூசியத்தில் வைத்திருக்கலாம். நாலு பேர் சேர்ந்தால் அது ஒரு பேண்டு. மூன்று பேர் சேர்ந்தால் அது டிரம்மர் தேடும் பேண்டு. ஊரில் மூன்று பேர் பேண்டுகள்தான் அதிகம். கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், டிரம்ஸை எங்கே தள்ளுவது? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அதைத் தட்டினால், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் பதில் தாளம் போடுவார்.

உருப்படியாக அடிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான். இன்னொருவன் ஒரு நர்ஸைக் காதலித்து லீட்ஸ் பக்கம் போய்விட்டான். மிச்சம் இருந்தவர் மால்கம் ஹெப்வர்த்.

மால்கமுக்கு முப்பத்தாறு வயது. தலைமுடி முன்பக்கத்தைக் காலி செய்துவிட்டுப் பின்பக்கம் குடிபோயிருந்தது. பதினான்கு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கத்தை மூடியபோது கையில் கொஞ்சம் காசு கொடுத்து அனுப்பினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் புது ஜன்னல் போட்டார்கள், ஸ்பெயினுக்குப் போய் முதுகைச் சுட்டுக்கொண்டு வந்தார்கள். மால்கம் ஒரு டிரம்ஸ் செட்டும் ஒரு பழைய வேனும் வாங்கினார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டிருந்தாள்.

காலையில் அதே வேனில் கடை கடையாக ரொட்டி போடுவார். அதனால் அவருடைய டிரம்ஸ் எப்போதும் ரொட்டி வாசம் அடிக்கும். ஒருநாள் பெரிய டிரம்முக்குள்ளிருந்து ஒரு பன் உருண்டு வந்தது. எடுத்துப் பங்கு போட்டுத் தின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை அவர் கெட்டில்மென். வியாழக்கிழமை வெல்வெட் டிராம்ஸ்.

இந்த இரண்டு பேண்டுக்கும் ஆகாது. கெட்டில்மென் தலைவன் ஷேன் வோமர்ஸ்லி, சுரங்கக்காரர் மகன், கோடையிலும் மழைக்கோட்டைக் கழற்றாதவன். டிராம்ஸ் தலைவி வெரிட்டி லாக்வுட், பல் டாக்டர் மகள், ஓவியக் கல்லூரி. பழைய துணிக்கடையில் எடுத்த ஆண்கள் கோட்டுதான் போடுவாள். டிராம்ஸ் பாட்டெல்லாம் வீட்டுப்பாடம் மாதிரி இருக்கிறது என்று ஷேன் உள்ளூர்ப் பத்திரிகையில் சொன்னான். கெட்டில்மென்னிடம் மொத்தம் மூன்று பாட்டு, அதில் இரண்டு கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பது என்று வெரிட்டி மறுவாரம் பதில் சொன்னாள். மழைக்கோட்டுப் பிள்ளைகளும் பழைய கோட்டுப் பிள்ளைகளும் இரண்டடுக்குப் பேருந்தில் ஒரே அடுக்கில் உட்காரமாட்டார்கள்.

இரண்டு பக்கமும் டிரம்ஸ் அடிப்பவர் ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரியும். யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் டிரம்மர் போய்விடுவாரே! செவ்வாய்க்கிழமை மால்கம் கம்பளித் தொப்பி போட்டுக்கொள்வார், வியாழக்கிழமை டை கட்டிக்கொள்வார். ஒரு சுவரொட்டியில் ‘மால்’ என்றும் இன்னொன்றில் ‘எம். ஹெப்வர்த்’ என்றும் இருக்கும். மற்ற ஐந்து நாளும் அவர் வீட்டில் டிவிதான் பேசும். அந்த இரண்டு சாயங்காலத்துக்காகத்தான் அவருடைய வாரத்தில் ஏழு நாள் இருந்தது என்று சொன்னால் அவரே மறுக்கமாட்டார், வெட்கப்படுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்த வண்டியை லண்டன் வந்து மறித்தது. ஒரு ரெக்கார்டு கம்பெனி ஆள் சனிக்கிழமை வருகிறான், தொழிலாளர் கிளப்பில் இரண்டு பேண்டையும் கேட்கப்போகிறான், பிடித்ததைக் கூட்டிப்போகப்போகிறான் என்று செய்தி.

செவ்வாய்க்கிழமை ஷேன் ஆரம்பித்தான்.

“யோவ் மால், சனிக்கிழமை நீ எங்களுக்கு மட்டுந்தான். அந்தப் பல் டாக்டர் பொண்ணு பக்கம் திரும்பிப் பாக்கக்கூடாது.”

“அவங்களுக்கு முப்பது நிமிசம், உங்களுக்கு முப்பது நிமிசம். எனக்குக் கை வலிக்காதுடா.”

“கை வலி இல்லய்யா விசயம். லண்டன்காரன் சிரிப்பான். இந்த ஊர்ல மொத்தமே ஒரு டவுசர்தான் இருக்கு, மாத்தி மாத்திப் போட்டுக்கறானுங்கன்னு நெனப்பான்.”

வியாழக்கிழமை வெரிட்டி வந்தாள். அவள் மரியாதைக்காரி.

“மால்கம், உங்கள வற்புறுத்தறதா நினைக்காதீங்க.”

“நினைக்கலம்மா.”

“ஆனா வற்புறுத்தறேன். எங்களுக்கு மட்டும் வாசிங்க. அவங்களுக்கு எதுக்கு நீங்க? ஒரு வாஷிங் மெஷினப் போட்டுவிட்டாப் போதும்.”

மால்கமுக்கு வராத வார்த்தை ஒன்றே ஒன்று. ‘முடியாது.’ சுரங்கத்துக்குள் இருட்டில் ஒருவன் கூப்பிட்டால் உடனே ‘சரி, வர்றேன்’ என்று குரல் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் மேலே கூரை விழுந்துவிட்டது என்று ஆளைத் தோண்ட வந்துவிடுவார்கள். பதினான்கு வருடத்துப் பழக்கம் வெளியே வந்த பிறகு விட்டுவிடுமா? ஷேனிடமும் சரி என்றார். வெரிட்டியிடமும் சரி என்றார். வீட்டுக்குப் போய், போட்ட டீயைக் குடிக்காமலே ஆறவிட்டார்.

எந்தப் பக்கம் போனாலும் மறுபக்கம் முடிந்தது. டிரம்மர் இல்லாமல் லண்டன்காரன் முன்னால் நிற்கமுடியாது. அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமையோ வியாழக்கிழமையோ, ஏதோ ஒன்று அவருக்கும் இல்லை.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கே கிளப்புக்குப் போய் டிரம்ஸை மேடை நடுவில் பூட்டிவிட்டு, அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டார். தலையில் தொப்பி இல்லை. கழுத்தில் டை இல்லை.

ஐந்தரை மணிக்கு இரண்டு கட்சியும் ஒரே கதவு வழியாக உள்ளே வந்தன. ஆளுக்கு ஒரு பக்கமிருந்து மால்கமைப் பார்த்தன. பிறகு ஒன்றையொன்று பார்த்தன.

“சரின்னு சொன்னியேய்யா!”

“சொன்னேன்.”

“எங்ககிட்டயும் சொன்னீங்களே!”

“உங்ககிட்டயும் சொன்னேன்மா.”

“ரெண்டு பேருக்கும் எப்படிய்யா சரின்னு சொல்லுவ?”

“தனித்தனியாத்தான் சொன்னேன்.”

ஷேன் ஒரு நாற்காலியை உதைத்தான். நாற்காலி கனமானது, அவன்தான் காலைப் பிடித்துக்கொண்டான். வெரிட்டி அவனைப் பார்த்துச் சிரிக்க, அவளுடைய தம்பியின் கோட்டுக் காலரை கெட்டில்மென்னில் ஒருவன் பிடிக்க, கிளப்பின் கச்சேரிச் செயலாளர் வில்ஃப் பாராக்ளஃப் மைக்கைத் தட்டினார். எழுபது வயது. அந்த மைக்கைத் தவிர வேறெதையும் அவர் நம்பியதில்லை.

“நல்லாக் கேட்டுக்கோங்க. ஏழு மணிக்கு பிங்கோ ஆட்டம். அரண்மனையிலேருந்து ஆளு வந்து பாடினாலும் ஆறு அம்பதுக்கு மைக்கப் புடுங்கிருவேன். சண்ட போடறவங்க தெருவுல போய்ப் போடுங்க, இடம் தாராளமா இருக்கு. பழைய கோட்டுக்காரங்க மொதல்ல வாசிங்க. உங்கப்பா காரு பீர் லாரிய மறிச்சிட்டு நிக்குது, சீக்கிரம் எடுக்கணும்.”

வேறு டிரம்மர் இல்லை, வேறு நேரமும் இல்லை. வாசித்தார்கள்.

லண்டன்காரனுடைய ரயில் தாமதம். பெயர் ஜைல்ஸ். கூடத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், மேசையில் முட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது டிராம்ஸ் கடைசிப் பாட்டில் இருந்தார்கள். மெதுவான பாட்டு. வெரிட்டி கண்ணை மூடிக்கொண்டு, அழுகை வரும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த இடத்துக்கு அவளுக்கு முன்பே வில்ஃப் வந்துவிட்டார். அவள் கையிலிருந்த மைக்கை மரியாதையாக வாங்கினார்.

“போர்க் பை வந்தாச்சு. சூடா இருக்கு. பட்டாணி வேணுங்கறவங்க தனியாக் கேட்டு வாங்கிக்கோங்க.”

கூடம் மொத்தமும் எழுந்து, அந்தக் கறி அடைத்த பணியாரத்துக்காக வரிசையில் நின்றது. அந்தக் கிளப்பில் பை வந்தால் கல்யாணத் தம்பதியே ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். கிட்டார்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வெரிட்டியின் முகம் சிவந்தது. மால்கம் மட்டும் நிறுத்தவில்லை. குச்சியை வைத்துவிட்டு, மெல்லத் தட்டுவதற்கான கம்பித் தூரிகையை எடுத்து, தூங்கும் பூனையைத் தடவுவதுபோல் அதே தாளத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பை வரிசை தனக்கே தெரியாமல் அந்தத் தாளத்துக்கு அடி எடுத்து வைத்தது. வெரிட்டி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் மைக் இல்லாமலே விட்ட இடத்திலிருந்து பாடினாள். முதல் பையைக் கடித்த கிழவி மெல்லுவதை நிறுத்திக் கேட்டாள். அதைவிடப் பெரிய மரியாதை அங்கே கிடையாது.

அடுத்து கெட்டில்மென். ஷேனுக்குப் பயம் வந்தால் வேகம் வரும். முதல் பாட்டிலேயே குதிரை மாதிரி ஓடினான். சாலைக்கு ஓடும் குழந்தையைச் சட்டைக் காலரில் பிடிப்பதுபோல், மால்கம் பின்னாலிருந்து தாளத்தில் பிடித்து நிறுத்தினார். பிடித்தது யாருக்கும் தெரியவில்லை. பாட்டு கம்பீரமாக இருந்தது என்று மட்டும் தெரிந்தது.

ஆறு ஐம்பதுக்கு வில்ஃப் மைக்கைப் பிடுங்கினார்.

ஜைல்ஸ் பார் ஓரமாக ஷேனைத் தனியே கூப்பிட்டான். “நீங்கதான். அந்தப் பொண்ணு பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா விக்காது. ஒண்ணே ஒண்ணு. டிரம்ஸ்காரர் வேணாம். உங்கப்பா மாதிரி இருக்கார். நாங்க ஒரு பையனத் தர்றோம்.”

மூன்றடி தள்ளி மால்கம் தாளத்தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கும். கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டு மூடினார். பிறகு வெரிட்டியின் ஆம்ப்ளிஃபயரை அவளுடைய அப்பா காருக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, மால்கம் ரொட்டி போடும் கடைசிக் கடைக்கு முன்னால் ஷேன் நின்றுகொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்கு முன்னால் அவனை யாரும் நின்ற நிலையில் பார்த்ததில்லை.

“ரொட்டி இருக்கா, மால்?”

“வண்டி பூரா ரொட்டிதான்டா.”

“ஒண்ணு குடு.”

கொடுத்தார்.

“இன்னொண்ணு குடு.”

நாலு ரொட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றான். மால்கம்தான் கேட்டார்.

“பையன் எப்படி அடிக்கிறானாம்?”

“பத்தொம்போது வயசாம். முடி கண்ண மறைக்குமாம்.” தரையைப் பார்த்தான். “உன் காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு. நீ பயந்தா ஓடுவ. பிடிச்சு நிறுத்தச் சொல்லு அவன.”

“மால், நான் வேணாம்னு சொல்லிடறேன். நீ இல்லாம எதுக்கு? நீ ஒரு வார்த்த சொல்லு, இப்பவே போன் பண்ணி வேணாம்னுடறேன். சொல்லுய்யா, சரியா?”

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமை மிச்சம். ஷேன் உண்மையாகத்தான் கேட்டான்; வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான், பிறகு ஐம்பது வயது வரை விட்டதை நினைத்து நினைத்து, வெளியே காட்டாமல் மால்கமைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருப்பான். மால்கம் வேனின் கதவைச் சாத்தினார். சாத்தினது சரியாக விழவில்லை, மறுபடி சாத்தினார்.

“முடியாது,” என்றார். “போடா. ரயிலப் பிடி.”

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னதால் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. கடைக்காரம்மா வெளியே எட்டிப் பார்த்தார். ஷேன் ரொட்டிகளோடு மால்கமைக் கட்டிக்கொண்டதில் இரண்டு ரொட்டி நசுங்கின.

அந்த வாரமே வெரிட்டி கேட்டாள். “செவ்வாய்க்கிழமையும் எங்களுக்கே வாங்களேன் மால்கம். புதுப் பாட்டு நிறைய இருக்கு.”

“முடியாதும்மா. செவ்வாய் அவங்க நாளு.”

“அவங்கதான் போயாச்சே!”

“ஆமா,” என்றார்.

வியாழக்கிழமைகளில் டிராம்ஸ் முன்னைவிட நன்றாக வாசித்தார்கள். திட்டுவதற்கு எதிரி இல்லாததால் வெரிட்டி இன்னும் நல்ல பாட்டு எழுத ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமைகளில் மால்கம் டயர் கடை மாடியில் முன்பு ஒத்திகை நடந்த அறைக்குத் தனியாகப் போனார். டிரம்ஸைப் பூட்டி, கெட்டில்மென் பாட்டுகளை வரிசையாக அடித்தார். பாட்டும் கிட்டாரும் இல்லாமல் டிரம்ஸ் மட்டும் அடிப்பது, தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்பதுபோல. எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்று தெரிந்தவருக்கு அது போதும். ஷேன் ஓடும் இடங்களில் அவர் கை தானாக இறுகும். கீழே டயர் கடைக்காரர், “பைத்தியம் பிடிச்சிருச்சு மனுசனுக்கு,” என்று சொல்லிவிட்டு, கூடவே ஸ்பேனரால் தட்டுவார்.

லண்டனில் கெட்டில்மென் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். வானொலியில் மூன்று வாரம் கேட்டது. மால்கம் வேனை ஓரமாக நிறுத்திக் கேட்டார். ஆரம்பம் முதல் கடைசிவரை ஓட்டமாக ஓடியது. யாரும் பிடிக்கவில்லை. அடுத்த பாட்டு வரவேயில்லை. கம்பெனி வேறு பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருட நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறரை மணி இருக்கும். இரும்புப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. இறங்கலாமா என்று யோசிக்கும் சத்தம் அது. மால்கம் நிறுத்தாமல் அடித்தார். காலடி மறுபடி ஏறியது.

ஷேன் வாசலில் நின்றான். விலையுயர்ந்த கோட்டு, நனைந்திருந்தது. முதுகில் கிட்டார்.

“இன்னிக்கு… இங்க யாராவது வாசிக்கறாங்களா?” என்றான். கேட்டுவிட்டு அவனே உதட்டைக் கடித்துக்கொண்டான்.

மால்கம் குச்சியை மடியில் வைத்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“கதவச் சாத்துடா,” என்றார். “சூடு வெளிய போகுது.”