வண்டிப் பாலிசியில் என் பெயர்

கார் என் மச்சினனுடையது. மனைவியின் தம்பி, வளைகுடாவில் வேலை. விடுமுறைக்கு வந்தவன் ஒரு வெள்ளைக் காரை வாங்கித் தன் அம்மா வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போனான். கிளம்பும்போது என்னிடம், "அத்தான், நீங்க ஓட்டப் படிச்சுக்கிடுங்க. அம்மைக்கு ஆஸ்பத்திரி, கோயில்னு போக ஆள் வேணும்லா" என்றான்.

அது கேள்வி இல்லை. அந்த வீட்டில் யாரும் என்னிடம் கேள்வி கேட்பதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோவாளை பூச்சந்தையில் எடை போடுகிறவன். நாலு பேர் கூடியிருந்தால் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே நின்றுகொள்வேன்.

நாற்பத்தெட்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கூடப் படித்ததெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். கிளட்ச்சை விடுவதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிடும். இருந்தாலும் லைசன்ஸ் வாங்கிவிட்டேன். அன்றிலிருந்து மாமியாருக்கு மட்டுமல்ல, அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், துட்டி என்று நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நான்தான் டிரைவர்.

ஆடி மாதம் ஒருநாள் ஆரல்வாய்மொழி தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். அந்தக் காற்றில் காரை நேராகப் பிடிப்பதே பெரும்பாடு. எதிரே, காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு நீளமான ஒரு லாரி வளைவில் திரும்பியது. இறக்கையின் நுனி எங்கள் பக்கத்து ரோட்டையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டு வந்தது. நான் காரை மண்ணில் இறக்கினேன். ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதியது. லாரி போய்விட்டது. பின்சீட்டிலிருந்து மாமியார் கேட்டார்கள், "வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?"

நெஞ்சைத் தடவிக்கொண்டு, "இல்லை அத்தை" என்றேன்.

அடுத்த மாதம் இன்சூரன்ஸ் முடிந்தது. புதுப்பிக்க ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தார். மச்சினன் வீடியோ காலில் இருந்தான். செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஏஜெண்ட் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டா குறைவாத்தான் வரும். ஆனா உங்க வண்டிக்கு ஒண்ணும் கிடைக்காது. ஓட்டுகவரும் புதுசு. எது உடைஞ்சாலும் முழுக்காசும் கிடைக்கும்படி பம்பர் டு பம்பர் போடுகது நல்லது."

"போடுங்க அண்ணே," என்றான் மச்சினன்.

"எஞ்சினுக்குள்ள தண்ணி போனா ஒரு கவர் உண்டு."

"போடுங்க."

"டயர்?"

"போடுங்க."

"சாவி தொலைஞ்சா புதுச்சாவிக்கு..."

"அதையும் போடுங்க. காசைப் பாக்காதீங்க."

வாசற்படியில் நின்றிருந்த நான் என்னையறியாமல் வாயைத் திறந்தேன். "ஓட்டும்போது எனக்கு என்னமும் ஆச்சுன்னா?"

எல்லாரும் திரும்பினார்கள். ஏஜெண்ட் பேனாவை மூடினார். "ஓனர் டிரைவர்னு ஒரு விபத்துக் கவர் கட்டாயம் உண்டு. ஆனா அது வண்டி யார் பேர்ல இருக்கோ அவருக்காக்கும்."

"அவன்தான் இங்கே இல்லியே."

"இல்லதான். இடிபட்ட ஆளுக்குக் கிடைக்கும், வண்டிக்குக் கிடைக்கும். உங்களுக்கு..." அவர் கையை விரித்தார். "வேணும்னா உங்க பேரைப் போட்டுத் தனியா ஒரு கவர் சேக்கலாம். சாதாரணமா யாரும் கேக்கதில்ல."

"நான் கேக்கேன்."

மச்சினன் சிரித்தான். "அத்தான், நீங்க நம்ம வீட்டு ஆளுல்லா. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் பாக்கமாட்டேனா?"

மாமியார் என்னைப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்கள், "ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா உன் மாப்பிள்ளை சாவைப் பத்திப் பேசுகாரு."

"சும்மா இருங்களேன்," என்றாள் என் மனைவி மெதுவாக. "தம்பி என்ன நினைப்பான்?"

வேறு நாளாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். மச்சினன் கெட்டவன் இல்லை. எனக்கு ஏதாவது ஆனால் பார்த்துத்தான் கொள்வான். ஆனால் அது அவன் மனசைப் பொறுத்தது. என் மனைவி ஒவ்வொரு தடவையும் அவன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். சாவிக்கு அந்த நிலைமை இல்லை. சாவிக்குப் பாலிசி இருக்கிறது. இந்த வீட்டில் அந்தச் சாவிக்கு இருக்கிற மரியாதை எனக்கு வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. நான் கேட்டதற்கு ஆகிற பணம், மாதம் முழுக்கச் சந்தையில் நான் டீ குடிக்கிற காசுதான். அதை நானே கட்டியிருக்கலாம். கட்டமாட்டேன் என்று முடிவு செய்தேன். அவர்களுடைய வண்டி, அவர்களுடைய ஓட்டம். அவர்கள்தான் கட்ட வேண்டும்.

உள்ளே போய்ச் சாவியை எடுத்துச் செல்போனுக்கு முன்னால் வைத்தேன்.  

"என் பேரைப் போட்டா ஓட்டுகேன். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுங்க."

"அப்போ நாளைக்குத் திருவட்டாறு கோயிலுக்கு?" என்றார்கள் மாமியார்.

 போனில் மச்சினன் முகம் சுருங்கியது. "சரி, போடுங்க அண்ணே. அத்தானுக்கு நம்மளை நம்பிக்கை இல்ல. போட்டுருங்க."

ஏஜெண்ட் என் பெயரை எழுதினார். "உங்களுக்கு ஒண்ணுன்னா காசு வாங்குக நாமினி யாரு?" என்று கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தம்பியின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைப் பக்கம் வந்து, தன் முழுப்பெயரையும் வயதையும் தெளிவாகச் சொன்னாள்.

மறுநாள் காலை திருவட்டாறுக்குக் கிளம்பினோம். நாகர்கோவில் தாண்டியது. மாமியார், முன்சீட்டில் இருந்த மகளிடம் ஆரம்பித்தார்கள். "இனி உன் மாப்பிள்ளைக்கு என்ன பயம்? இடிச்சாலும் காசு வருமே."

கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவர்களுக்குத் திருப்பிச் சொன்னது கிடையாது.

"எனக்கு வராது அத்தை," என்றேன், கண்ணாடியில் அவர்களைப் பார்த்து. "உங்க மவளுக்குத்தான் வரும்."

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தோள் அசைவதில் தெரிந்தது.  நான் சமாதானம் எதுவும் சொல்லாமல் கோயில் வாசல்வரை ஓட்டினேன்.