காபரேற்றருக்குத் தெளித்த பன்னீர்

போன கிழமை மல்லாவியில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வந்திறங்கிய பழைய மொறிஸ் மைனர் மண்டப வாசலிலேயே படுத்துவிட்டது. இப்போதெல்லாம் படம் எடுக்கவென்றே இந்தக் கிழட்டுக் கார்களை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். டிரைவர் ஸ்ராட் அடிக்க அடிக்கப் பெற்றோல் மணம் கிளம்பியது. பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். நானோ பட்டுச்சேலையோடு பொனற்றுக்குள் தலையை விட்டேன். முந்தானையில் பெற்றோல் பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

"தம்பி, காபரேற்றர் நிரம்பி வழியுது. சோக்கை விட்டிட்டுக் கொஞ்சம் ஆறவிடுங்கோ."

"அன்ரி மெக்கானிக்கோ?" என்று சிரித்தான் ஒருவன்.

மெக்கானிக் இல்லை, பெற்றோலில் குளித்துவிட்டுக் கலியாணம் கட்டியவள். அவனுக்கு அதைச் சொல்ல நேரமிருக்கவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

சண்டைக்காலத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் வராத காலம் அது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு அசையாது. காபரேற்றரின் வாய்க்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுத்தான் எழுப்ப வேண்டும். எழும்பிச் சூடேறிவிட்டால் பிறகு மண்ணெண்ணெயில் இருமி இருமிப் போகும். அந்த நாலு சொட்டுக்கு இருந்த மரியாதை தங்கத்துக்கு இருக்கவில்லை.

எனக்குக் காலையில் ஒட்டுசுட்டான் கோயிலில் தாலிகட்டு. இடப்பெயர்வால் ஒருமுறை தள்ளிப்போன கலியாணம். "இந்த முகூர்த்தமும் தப்பினால் இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்" என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லி அனுப்பியிருந்தா. மாப்பிள்ளையை நான் ஒரேயொரு தரம்தான் பார்த்திருந்தேன். பிடித்துப்போயிருந்தது. இந்த வயதில் என்ன வெட்கம், நன்றாகவே பிடித்துப்போயிருந்தது.

என்னை ஏற்றிப்போக முதல்நாள் இரவே வந்து நின்றது அடுத்த ஒழுங்கை ரத்தினம் அண்ணையின் ஏ-40 கார். அவர் தன் பெற்றோலை ஒரு பழைய பன்னீர்ப் போத்தலில் வைத்திருந்தார். வெயில் படாமல் வைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுக்க, அம்மா இருந்த அவசரத்தில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்கு ஓடிவிட்டா.

பெரியம்மாவுக்கு அன்றைக்குப் பார்த்துத் தடிமன், மூக்கு அடைத்திருந்தது. கடைகளில் கண்ணாலும் காணக் கிடைக்காத பன்னீரைக் கண்ட புளுகத்தில் போத்தலோடு பன்னீர்ச் செம்புக்குள் கவிழ்த்தா. என் தலை, தோள், வழியனுப்ப வந்த சனம் என்று கை சளைக்காமல் தெளித்தா. "சில்லெண்டு இருக்குது, நல்ல சாமான்" என்று யாரோ பாராட்டியதும் நினைவிருக்கிறது.

உள்ளே வந்த ரத்தினம் அண்ணை ஒருதரம் மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"ஐயோ, விளக்கை நூருங்கோ! உது பெற்றோல்!"

குத்துவிளக்கை நூர்த்துவிட்டுச் சனம் முற்றத்துக்குப் பாய்ந்தது. பெரியம்மா மட்டும் அசையவில்லை.

"பன்னீர்ப் போத்திலுக்க ஏனடா பெற்றோலை விட்டனீ?"

"பன்னீர் இருந்தாத்தானேயணை பன்னீரை விடுறதுக்கு!"

அதன்பிறகு அவர் காரோடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. காபரேற்றரைக் கழற்றி அடியில் கிடந்த ஊத்தையைத் துடைத்தார். ஊசித்துளையில் வாய் வைத்து ஊதி, மண்ணெண்ணெயைத் துப்பித் துப்பிப் பூட்டினார். முன்னால் ஸ்ராட் கம்பியைப் போட்டுச் சுழற்றினார். அசைவில்லை. "குளிர் விடேல்லை" என்று கலியாணச் சமையலுக்கு வைத்த கொதிநீரில் சாக்கை நனைத்து எஞ்சினுக்கு ஒத்தணம் கொடுத்தார். ஆம்பிளைகள் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். கார் இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் பின் சீற்றில் இருந்து, மை கரைய, ஒட்டுசுட்டானில் ஒருவர் வேறு பெண்ணுக்கு மாப்பிள்ளையாவதை நினைத்து நினைத்து அழுதேன்.

அப்போதுதான் ரத்தினம் அண்ணை நிமிர்ந்தார். "பெரியம்மா, அந்தச் செம்பைக் கொண்டாங்கோ."

ஆட்டிப் பார்த்தார். அடியில் ஏதோ சலசலத்தது. செம்பைக் காபரேற்றரின் வாய்க்கு நேரே பிடித்து, சபையில் பெரிய மனிதருக்குத் தெளிப்பதுபோல உதறினார். கம்பியை ஒரு சுழற்று. ஏ-40 எழும்பியது!

பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னா: "எல்லாருக்கும் தெளிச்சுப்போட்டு அதுக்குத் தெளிக்கேல்லை. கோவிக்காதே பின்னை?"

கோயில் வாசலில் மாமியார் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றா. நான் கிட்டப் போனதும் மூக்கைச் சுருக்கினா. பிறகு குரலே மாறிவிட்டது. "பிள்ளை, பெற்றோல் காரிலயே வந்தனீங்கள்?" மணவறையில் மாப்பிள்ளை என் பக்கம் சரிந்து, "இவ்வளவு வசதியான இடமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஐயர் முறைத்தார். சிரித்தபடிதான் தாலி ஏறியது.

அந்த ஏ-40 கடைசி இடப்பெயர்வில் எங்கேயோ ஒரு றோட்டுக் கரையில் நின்றுவிட்டது. செம்பும் போனது. ஆனால் பெற்றோல் செற்றைக் கடக்கும்போதெல்லாம் அவர் என் பக்கம் திரும்பி, "பொம்பிளை வீட்டு மணம் வருது" என்பார். பிறகு நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், பகல் முழுக்க வெயிலில் நின்று ஒரு கானோடு வந்தார். வந்த களையோடு விரலை நனைத்து என் மணிக்கட்டில் தடவினார். "இந்தாரும், பன்னீர்."

அடுத்த வருசம் அவர் போய்விட்டார்.

அன்றைக்கு மல்லாவியில் அந்த மொறிஸும் ஆறிய பிறகு எழும்பியது. பெடியள் கைதட்டினார்கள். நான் வீட்டுக்கு வந்து சேலையை மாற்றும்போதுதான் முந்தானை மணத்தது. அன்று இரவே அந்த மணமும் போய்விட்டது. சேலையை இன்னும் தோய்க்கவில்லை.