கொடி ஜீப்பு

நேற்று வந்த கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயரைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் என்னால் படிக்க முடியவில்லை. எழுத்துகள் அவரைக்கொடி மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கிடந்தன. எரிச்சலோடு அதை மேசையில் போடப் போனவளுக்கு மாமாவின் ஜீப்பு ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது.

எழுபதுகளில் போடியிலிருந்து குரங்கணிக்கு, ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைத் தினமும் ஏற்றிச்சென்ற அந்த ஜீப்பின் நெற்றியில் மாமாவே பச்சைப் பெயிண்டில் ஊர்ப் பெயரை எழுதியிருந்தார், ஒவ்வொரு சுழிக்கும் ஒரு இலை, ஒவ்வொரு வாலுக்கும் ஒரு பூ என்று. பள்ளிக்கூடம் போன எனக்கே அதில் 'கு' எது, 'ணி' எது என்று தெரியாது.

"எழுதுனா நாலு பேரு படிக்க வேண்டாமா?" என்று அத்தை நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அழிக்கவைத்துக் கொட்டை எழுத்தில் எழுதவைத்தாள்.

மறுநாள் விடியுமுன், டீக்கடை வெளிச்சத்தில் தூக்குச்சட்டியோடு நின்ற பெண்களில் ஒருத்தியும் ஏறவில்லை. மாமா ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "வெரசா ஏறுங்க ஆத்தா."

"நீங்கதானாண்ணே? நாங்க கொடி ஜீப்புக்குல்ல நிக்கிறோம்" என்றாள் முன்னால் நின்றவள்.

அன்று சாயங்காலம் அத்தையே பச்சை டப்பாவைத் திறந்து கொடுத்தாள். "எழுத்து அப்படியே இருக்கட்டும். சுத்தி மட்டும் கொடிய விடுங்க."

மாமாவும் சுற்றி மட்டும்தான் விட்டார். ஆனால் அவர் கை சும்மா இருக்குமா, அடுத்த மழைக்காலத்துக்குள் கொடி எழுத்தின்மேல் ஏறிப் படர்ந்துவிட்டது. அத்தையைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை.